பிளாஸ்ரிக் பம்பரில் விழுந்த நெளிவை வீட்டு முற்றத்திலேயே எடுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தின் உள்ளொழுங்கைகள் பல, மாட்டுவண்டியும் சைக்கிளும் ஓடிய காலத்து அகலத்திலேயே இன்றும் இருக்கின்றன. ஒரு பக்கம் மதிலும் மறுபக்கம் கதியால் வேலியும் நிற்க, எதிரே வந்த ஓட்டோவுக்கு வழிவிடுவதற்காக றிவேர்ஸ் எடுக்கும் காரின் பின்பம்பர் யாரோ ஒருவருடைய படலைத் தூணில் போய் முட்டுவது இங்கே புதினமான செய்தி அல்ல. சத்தம் பெரிதாகக் கேட்காது. இறங்கிப் பார்த்தால் மட்டும், பம்பரின் மூலையில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து அழுத்தியதைப் போன்ற குழி தெரியும். கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் என் காருக்கும் அதுதான் நடந்தது. அந்தக் குழியை எடுப்பதற்கு எனக்கு ஒரு கேத்தில் கொதிநீரும் அரை மணித்தியாலமும் போதுமாக இருந்தன. ஆனால் அதற்கு முதல் வாரம் வேறொரு வழியில் முயன்று, நன்றாக இருந்த பெயின்ற்றை நானே பழுதாக்கியிருந்தேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்து, இந்த வேலையை முதன்முதலாகச் செய்யப்போகும் ஒருவருக்குத் தேவையானவற்றைக் கீழே எழுதுகிறேன்.

உள்ளங்கை அளவிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டளவு வரையான, வெடிப்பு இல்லாத, பெயின்ற் உரியாத நெளிவுக்கே இந்த முறை பொருந்தும். அதைவிடப் பெரியதைப் பற்றியும் இடையிடையே சொல்வேன். ஆனால் எதைத் தொடக் கூடாது என்று அறிந்துகொள்வதற்காக மட்டுமே.

நெளிவு ஏன் அப்படியே நிற்கிறது?

எங்கள் ஊரில் இப்போதும் ஆங்காங்கே ஓடுகின்ற ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களின் பம்பர், குரோமியம் பூசிய உருக்குத் தகடு. அது நெளிந்தால் கழற்றி, சுத்தியலால் தட்டித்தான் நிமிர்த்த வேண்டும். 1968 இல் வெளிவந்த பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. காரின் முன்பக்கமும், 1972 இல் வந்த ரெனோ 5 காரின் பம்பர்களும் பிளாஸ்ரிக்கை இந்த இடத்துக்குக் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் சேரும். இன்று நாங்கள் பாவிக்கும் அல்ற்றோ, வகன் ஆர், விற்ஸ், அக்குவா போன்ற எந்தக் காரை எடுத்தாலும், வெளியே பம்பர் என்று தெரிவது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு பிளாஸ்ரிக் தோல்தான். மோதலைத் தாங்குகின்ற உலோகச் சட்டம் அதற்குள்ளே தனியாக இருக்கிறது. சில கார்களில் இரண்டுக்கும் இடையில் நுரைக் கட்டையும் இருக்கும்.

அந்தத் தோல் பெரும்பாலும் பொலிபுரொப்பிலீனுடன் இறப்பர் வகையொன்றைக் கலந்து, சூட்டில் உருக்கி அச்சில் வார்த்தெடுத்தது. இப்படிப்பட்ட தோலில் குழி விழும்போது, குழியின் நடுப்பகுதி உண்மையில் அதிகம் பாதிக்கப்படுவதில்லை. அது வளைந்து நிற்கிறதே தவிர, விட்டால் தன் பழைய இடத்துக்குத் திரும்பத் துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. குழியைச் சுற்றி ஓடுகின்ற விளிம்பு மடிப்புத்தான் அளவுக்கு மீறி மடங்கி, ஒரு பூட்டைப் போல நின்று அதைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. ஆகவே நாங்கள் செய்ய வேண்டியது அந்தப் பூட்டைச் சூட்டினால் இளக்குவதுதான். இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் படிகள் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகவே விளங்கும்.

எவ்வளவு சூடு என்பது அடுத்த கேள்வி. பொலிபுரொப்பிலீன் ஏறத்தாழ 160 பாகை செல்சியசில் உருகும். அதற்கு வெகு கீழேயே, 80, 90 பாகையிலேயே, கையால் தள்ளினால் இணங்கும் அளவுக்கு அது இளகிவிடும். கொதிநீர் எவ்வளவு கொதித்தாலும் 100 பாகையைத் தாண்டாது. புதியவர் ஒருவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு வேறில்லை: கொதிநீர் பிளாஸ்ரிக்கை இளக்கும், ஆனால் உருக்காது, நல்ல நிலையில் உள்ள பெயின்ற்றையும் பொதுவாகக் கொப்பளிக்க வைக்காது. கையில் சூடான காற்றை ஊதும் ஹீற் கன் இருக்கிறவர்கள்கூட முதலில் கேத்திலைத்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பம்பர் என்ன பொருளால் ஆனது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. அதன் உட்பக்கத்தில், கூர் அடைப்புக்குறிகளுக்கு நடுவே, சில ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். பீ.பீ. என்று தொடங்கினால் அது பொலிபுரொப்பிலீன். அதை அடுத்து வரும் ஈ.பீ.டீ.எம். என்பது கலந்திருக்கும் இறப்பரைக் குறிக்கும், ரீ.டீ. 20 என்று இருந்தால் முகப்பவுடரில் சேர்கின்ற அதே ரல்க் தூள் 20 வீதம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஏ.பீ.எஸ். என்று இருந்தால் சற்று நிதானம் வேண்டும். அந்தப் பிளாஸ்ரிக் கொதிநீருக்கு அவ்வளவு எளிதில் இளகாது, தள்ளும்போது வெடிக்கவும் கூடும். கண்ணாடி நார் கொண்டு செய்த அலங்காரப் பம்பர்கள் நெளிவதே இல்லை, உடையும்; அவற்றுக்கு இந்தக் கட்டுரையில் மருந்து கிடையாது.

தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் பம்பரைச் சவர்க்கார நீரால் நன்றாகக் கழுவி உலர விடுங்கள். செம்மண் படிந்த பம்பரில் கீறல் எது, வெடிப்பு எது என்று பிரித்தறிய முடியாது. அதோடு, மண்ணை வைத்துக்கொண்டே துணியால் அழுத்தினால், இல்லாத கீறலையும் நாங்களே உண்டாக்கிவிடுவோம். உலர்ந்த பின்னர், ரோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டாகப் பிடித்துக் குழியின் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு தெரிந்தால், அந்த இடத்தைப் பெருவிரலால் இலேசாக அழுத்திப் பார்க்க வேண்டும். கோடு வாய் திறந்தால் அது வெடிப்பு. பெயின்ற் இல்லாத கறுப்புப் பகுதியில் வெண்மையாகத் தெரியும் கோடு வேறு. அது பிளாஸ்ரிக் மடங்கியதால் வந்த வெளிறல், சூடு பட்டதும் ஓரளவு மறையும்.

பிறகு குழியை விட்டுவிட்டுச் சுற்றுப்புறத்தைப் பார்க்க வேண்டும். டிக்கிக் கதவு முன்போல மூடுகிறதா, பின்விளக்குக்கும் பம்பருக்கும் இடையிலான இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கிறதா, சில்லுக்கு மேலே பம்பர் காரின் பொடியோடு (உடற்பகுதியோடு) சேரும் இடத்தில் அது வெளியே தள்ளி நிற்கிறதா என்று கவனியுங்கள். முன்பம்பர் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அதற்குப் பின்னால் ஏசியின் கண்டென்சரும் றேடியேற்றரும் இருக்கின்றன. காரின் கீழே நீர் சொட்டினாலோ, இடித்த பிறகு ஏசி குளிரவில்லை என்றாலோ, நெளிவை மறந்துவிட்டு நேராகக் கராஜுக்குப் போவதே சரி. டாஷ்போர்டில் புதிதாக ஏதாவது எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் அப்படித்தான்.

முழுக் காப்புறுதி எடுத்தவர்கள், பம்பரில் கை வைப்பதற்கு முன்னரே, நட்டஈடு கேட்பதா இல்லையா என்று முடிவெடுத்துவிட வேண்டும். சிறிய நெளிவுக்காக நட்டஈடு கோரி, பல வருடமாகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸை இழப்பது பெரும்பாலும் கட்டுபடியாகாது. அதைக் கணக்குப் பார்க்க வேண்டியது உங்கள் பத்திரத்தை வைத்துத்தான். எதுவானாலும், கேத்திலை அடுப்பில் வைக்கும் முன் நாலைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

புதிதாக வாங்க வேண்டியது மிகக் குறைவு. ஐந்தாறு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கு இரண்டு கேத்தில், ஒரு வாளி குளிர்ந்த நீர், தடித்த பழைய துவாய் ஒன்று, இறப்பர்க் கையுறை, தட்டை முனைத் திருப்புளியும் நட்சத்திர முனைத் திருப்புளியும், ரோர்ச், நல்ல பருத்தித் துணி இரண்டு. கையுறை மெல்லியதாக இருந்தால், உள்ளே ஒரு துணிக் கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமான மெல்லிய இறப்பர் சூட்டை நேரே கைக்குக் கடத்திவிடும். தள்ளுவதற்கு, ஒரு ரெனிஸ் பந்தில் சிறிய வெட்டுப் போட்டு, அதை ஒரு முழ நீளத் தடியின் நுனியில் செருகி வைத்துக்கொண்டால் மிகவும் உதவும். வெறும் தடியின் முனை இளகிய பிளாஸ்ரிக்கில் ஒரு புள்ளியாகப் புதைந்து, வெளிப்பக்கம் பரு எழும்பியதைப் போல ஒரு புடைப்பைக் காட்டும். பந்து அந்த அழுத்தத்தைப் பரவச் செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு உதவியாள் வேண்டும். ஊற்றுவது ஒருவர், தள்ளுவது மற்றவர். தனியாக இரண்டையும் செய்ய முயன்றால், கேத்திலைக் கீழே வைத்துவிட்டுக் கையை உள்ளே விடும் நேரத்துக்குள் பிளாஸ்ரிக் ஆறிவிடும்.

பின்பக்கத்துக்கு வழி செய்தல்

புதியவர்களைக் களைக்க வைக்கும் பகுதி இதுதான். குழியின் பின்புறத்தைக் கை எட்டினால் வேலை பாதி முடிந்தது. பம்பரை முழுவதுமாகக் கழற்றத் தேவையில்லை. மூலைக் குழியாக இருந்தால், சில்லின் வளைவுக்குள் இருக்கும் உட்கவசத்தைப் பிடிக்கின்ற இரண்டு மூன்று திருகாணிகளையும் கிளிப்புகளையும் எடுத்து, கவசத்தை ஒரு பக்கம் மடித்தாலே கை உள்ளே போகும். முன்பம்பருக்கு ஸ்ரியறிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்தால், சில்லுக்கும் கவசத்துக்கும் நடுவே இடம் கிடைக்கும். நடுப்பகுதிக் குழி என்றால் பம்பரின் கீழ் விளிம்பில் உள்ள கிளிப்புகளை எடுத்துக் கீழிருந்து எட்ட வேண்டும். அங்கே உலோகச் சட்டம் குறுக்கே நின்றால், கைக்குப் பதிலாகப் பந்துத் தடி போகும்.

ஜக் மட்டும் வைத்து உயர்த்திய காருக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் தலையையோ உடலையோ கொண்டுபோகக் கூடாது. பின்பம்பருக்கு அருகே சைலன்சர் இருப்பதால், காரை ஓட்டி வந்த உடனே வேலையைத் தொடங்காமல், அது கைவைக்கும் அளவுக்கு ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

கிளிப்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலவற்றில் நடுவே ஒரு சிறிய ஊசி இருக்கும். தட்டைத் திருப்புளியால் அந்த ஊசியை முதலில் மெல்லக் கிளப்பி, அதன் பின்னரே முழுக் கிளிப்பையும் இழுக்க வேண்டும். சிலவற்றில் ஊசியை உள்ளே அமுக்கினால்தான் கிளிப் விடும். எது எந்த வகை என்று தெரியாமல் நெம்பினால், கிளிப் உடைந்து கையோடு வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுத் தனியார் கார்கள் 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வரத் தொடங்கியதால், எங்கள் வீதிகளில் ஓடுகின்ற கார்களில் கணிசமானவை வயதானவை. பத்துப் பதினைந்து வருட வெயிலில் அவற்றின் கிளிப்புகள் காய்ந்த பனையோலையைப் போல முறியும். எனவே வேலையைத் தொடங்கும் முன்னரே, உதிரிப்பாகக் கடையில் உங்கள் காருக்குப் பொருந்தும் நாலைந்து கிளிப்புகளை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எடுத்த திருகாணிகளை ஒரு பேணியில் போட்டு வைக்க வேண்டும். முற்றத்து மணலில் விழுந்த திருகாணியைத் தேடுவது, பம்பரை நிமிர்த்துவதைவிடக் கடினமான தொழில்.

பார்க்கிங் சென்சர், பனி விளக்கு, ஹோண் போன்றவை குழிக்கு அருகே இருந்தால், அவற்றின் வயர் எங்கே ஓடுகிறது என்று ரோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டு, அவற்றின் மேல் கொதிநீர் நேரே விழாதபடி துவாயால் மறைக்க வேண்டும். பழைய காரின் கண்ணாடி விளக்கில் கொதிநீர் பட்டால் அது வெடிக்கலாம்.

கொதிநீர் ஊற்றி எடுத்தல்

நல்ல வெயிலுள்ள ஒரு நாளைத் தெரிவு செய்து, குழி விழுந்த பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காரை ஒரு மணித்தியாலம் நிறுத்தி வையுங்கள். சித்திரை, வைகாசி மாதத்து வெயிலில் கருநிறப் பம்பர் ஒன்றின் மேல் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியிருக்கும். அந்தச் சூடு இலவசம். சிறிய, ஆழமில்லாத குழிகள் சில வேளைகளில் அப்போதே, உள்ளிருந்து ஒரு தள்ளுத் தள்ளியதும் வெளியே வந்துவிடும்.

வராவிட்டால் கேத்தில். உதவியாள், கொதித்த உடனேயே, கேத்தில் மூக்கைப் பம்பரிலிருந்து நாலைந்து விரற்கடை தூரத்தில் பிடித்து, குழியின் மேல் விளிம்பிலிருந்து தொடங்கி, விளிம்பின் வழியே இருபுறமும் மெதுவாக ஊற்ற வேண்டும். பெரும்பாலானோர் குழியின் நடுவில்தான் ஊற்றுகிறார்கள். மேலே சொன்னபடி, பூட்டு நடுவில் இல்லை. ஒரு லீற்றர் நீரை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஊற்ற வேண்டும். பம்பரின் முகம் செங்குத்தாக இருந்தால் நீர் நின்று வேலை செய்யாமல் ஓடிவிடும். அப்போது மடித்த துவாயைக் குழியின் மேல் ஒட்டிப் பிடித்து, துவாயின் மேல் ஊற்றினால், அது சூட்டைத் தேக்கி வைத்து நாலா பக்கமும் சமமாகக் கொடுக்கும். துவாயைப் பிடிப்பதற்குக் கையைப் பாவிக்காமல், இரண்டு தடிகளால் மேல் மூலைகளை அழுத்திக்கொள்ளுங்கள். காலில் சப்பாத்து இருக்க வேண்டும். ஊற்றிய கொதிநீர் எல்லாம் வந்து சேரும் இடம் உங்கள் பாதம்தான்.

ஒரு கேத்தில் ஊற்றி முடிந்ததும் தாமதிக்காமல் உள்ளே கையை விட்டு, அகலமான அழுத்தமாக, மெல்ல மெல்லக் கூட்டித் தள்ளுங்கள். கோப்பை போன்ற வட்டக் குழியாக இருந்தால், நடுவுக்குச் சற்று அருகில் தள்ளியதும் ‘டப்’ என்ற சத்தத்தோடு முழுவதும் ஒரே தடவையில் வெளியே வரும். நீளமான மடிப்போடு கூடிய குழி அப்படி வராது; அதில் மடிப்பின் ஆழம் குறைந்த முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு அங்குலமாக ஆழமான பக்கத்தை நோக்கி நகர வேண்டும். குத்தவோ அடிக்கவோ கூடாது. பிளாஸ்ரிக் இணங்கவில்லை என்றால் சூடு போதவில்லை என்றே பொருள். பலத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக, இரண்டாவது கேத்திலை ஊற்றுங்கள். நான் பார்த்த உடைந்த பம்பர்களில் சில, தூணில் மோதியதால் உடைந்தவை அல்ல, பின்னர் வீட்டில் ஆறிய பிளாஸ்ரிக்கைக் குத்தியதால் உடைந்தவை.

குழி வெளியே வந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். உள்ளிருந்து பிடித்தபடியே, உதவியாளைக் குளிர்ந்த நீரை ஊற்றச் சொல்லி, ஈரத் துணியையும் மேலே போட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். சூட்டில் இளகியது குளிரில் இறுகும். இளகிய நிலையில் விட்டுவிட்டால், மடிப்பு விழுந்த இடம் பாதிவரை மறுபடி உள்ளே போய்விடும். தள்ளியது அதிகமாகி வெளியே புடைத்துவிட்டால் கவலை வேண்டாம். அந்த இடத்தை மீண்டும் சூடாக்கி, மடித்த துணியை வைத்து வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்திக் குளிர விடலாம்.

உள்ளே கை எட்டவே வழியில்லாத இடத்தில், கழுவு தொட்டியின் அடைப்பை எடுக்கப் பாவிக்கும் இறப்பர்க் கிண்ணத்தின் விளிம்பை ஈரமாக்கி, சூடாக்கிய குழியின் மேல் ஒட்டவைத்து இழுத்துப் பார்க்கலாம். மடிப்பில்லாத வட்டக் குழிக்கு இது சில வேளை பலன் தரும். மூலை வளைவில் ஒட்டவே மாட்டாது.

யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. சுண்ணக்கல்லின் ஊடாக ஊறி வருகின்ற எங்கள் கிணற்று நீர் வன்னீர்; கேத்திலின் அடியில் படிகின்ற அதே வெள்ளைப் பொருக்கு, வெயிலில் காயும் பம்பரிலும் புள்ளி புள்ளியாகப் படியும். வேலை முடிந்த உடனேயே பருத்தித் துணியால் ஒற்றித் துடைத்துவிடுங்கள். மழை நீர் பிடித்து வைத்திருந்தால் அதையே கொதிக்க வைப்பது இன்னும் நல்லது.

மடிப்பு இன்னும் தெரிந்தால்

குழி போன பிறகும் அதன் விளிம்பு இருந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு எஞ்சுவது வழமை. நேரே நின்று பார்த்தால் தெரியாது. மாலையில் ரியூப் லைற் ஒன்றின் பிம்பம் அந்த இடத்தில் விழும்படி காரை நிறுத்தி, சற்றே தலையை அசைத்தபடி பாருங்கள். பிம்பம் நேர்கோடாக ஓடினால் வேலை முடிந்தது, நெளிந்து ஓடினால் அந்த இடத்தில் இன்னும் மடிப்பு இருக்கிறது.

இதற்குத் தலைமயிர் உலர்த்தும் ஹெயார் ட்ரையர் போதும். அதை உட்பக்கத்திலிருந்து, பெயின்ற் இல்லாத முகத்தின் மேல், கோட்டின் வழியே பத்து நிமிடம்வரை நகர்த்தி நகர்த்திப் பிடித்துவிட்டு, பந்துத் தடியால் அழுத்திக் குளிர வைக்க வேண்டும். ஹீற் கன் பாவிப்பதானால் அதன் மிகக் குறைந்த சூட்டு நிலையில், ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல், ஒரு கணமும் ஓரிடத்தில் நிறுத்தாமல் பிடிக்க வேண்டும். அதன் வாயிலிருந்து வரும் காற்று சில நூறு பாகைச் சூடு கொண்டது. அது எல்லை அறியாது. நான் பழுதாக்கியது இப்படித்தான்: சரியாகச் சூடேறவில்லை என்று நினைத்து, நாலு விரற்கடை தூரத்தில் அரை நிமிடம் வெளிப்பக்கத்தில் பிடித்தேன், அப்பளம் பொரிவதைப் போல பெயின்ற் கொப்பளித்து எழுந்தது. அளவு பார்க்க எளிய வழி, விரலை நீரில் தோய்த்து ஒரு துளியைச் சூடாக்கிய இடத்தில் வைப்பது. துளி அமைதியாகப் பரவிச் சீக்கிரம் காய்ந்தால் சூடு சரி. தோசைக்கல்லில் பட்டதுபோலச் சீறினால் 100 பாகையைத் தாண்டிவிட்டீர்கள், உடனே விலக்குங்கள்.

மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். 2000 வாற்று ஹீற் கன் ஒன்று 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் மின்னை இழுக்கும். விறாந்தையில் மின்குமிழுக்கும் மின்விசிறிக்குமாகப் பொருத்திய 5 அம்பியர் செருகியில் அதைக் கொடுத்தால் வயர் சூடாகும். மின்கேத்திலுக்கும் இதே கணக்குத்தான். ஈர முற்றத்தில் நீட்டு வயரின் இணைப்பு நிலத்தில் கிடக்கவே கூடாது. கொதிநீர் வேலை முழுவதும் முடிந்து, இடம் காய்ந்த பிறகே மின்கருவிகளை வெளியே கொண்டுவாருங்கள்.

உலோகப் பொடியின் நெளிவுக்குச் சொல்லப்படும் வித்தைகளை, சூடாக்கிய இடத்தில் குளிர் வாயுவை அடிப்பது போன்றவற்றை, பம்பரில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பெயின்ற்

உருவம் திரும்பிய பின்னர் கண்ணில் படுவது கீறல்கள். விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் தடக்காமல் போனால், கீறல் நிறத்துக்கு மேலேயுள்ள நிறமற்ற கிளியர்ப் பூச்சோடு நின்றுவிட்டது. கொம்பவுண்ட் பசையை மென்மையான துணியில் தொட்டுச் சிறு வட்டமாகத் தேய்த்தால் போகும். தூணின் சுண்ணாம்போ பெயின்ற்றோ ஒட்டியிருந்தாலும் இதே பசையால் எடுக்கலாம். தின்னரால் துடைத்தால் அந்நிய பெயின்ற்றோடு உங்கள் காரின் பெயின்ற்றும் சேர்ந்து வரும். நகம் தடக்கினால் 2000, பிறகு 3000 எண் அரத்தாளைச் சவர்க்கார நீர் விட்டு மிக இலேசாகத் தேய்த்து, அதன் மேல் கொம்பவுண்ட் போடலாம். கிளியர்ப் பூச்சு மிக மெல்லியது என்பதால், பத்துத் தேய்ப்புக்கு ஒரு தடவை துடைத்துப் பார்த்து, போதும் என்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கறுப்பு பிளாஸ்ரிக் தெரியும் அளவுக்கு ஆழமான கீறலுக்கு, நிறத்தைத் தொட்டுவைப்பதைத் தவிர வழியில்லை.

நிறம் வாங்கும்போது ‘வெள்ளை’ என்று கேட்டுப் பயனில்லை. சாரதிப் பக்கக் கதவின் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில் நிற எண் இருக்கும். ரொயோட்டாவில் 040 என்றால் சாதாரண வெள்ளை. 070 என்றால் முத்து வெள்ளை. சாதாரண வெள்ளையைச் சிறு தூரிகையால் தொட்டுவைத்தால் இரண்டடி தள்ளி நின்று பார்க்கும்போது தெரியாது. முத்து வெள்ளை மூன்று படைகளாகப் பூசப்படுவதால், கையால் தொட்டது எப்போதும் தனியாகத் தெரியும். அதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் பெயின்ற் கடைக்குப் போக வேண்டியதுதான். அங்கே இரண்டு விடயங்களை வாய்விட்டுக் கேளுங்கள்: பொலிபுரொப்பிலீனில் பெயின்ற் ஒட்டுவதற்கென உள்ள அடிப்பூச்சைப் பாவிக்கிறார்களா, நெகிழ்வு தரும் கலவையைச் சேர்க்கிறார்களா என்று. முதலாவது இல்லையென்றால் பெயின்ற் சில மாதங்களில் தோலாக உரியலாம். இரண்டாவது இல்லையென்றால், அடுத்த சிறு முட்டலிலேயே வெடித்துக் கோடு விடும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில், மூடிய அறை இல்லாத இடத்தில் பெயின்ற் அடிக்கக் கொடுக்காதீர்கள். காற்றின் ஈரம் கிளியர்ப் பூச்சை மங்கலாக்கும்.

எஞ்சிய சிறு பள்ளத்தை நிரப்புவதற்குப் பட்டி வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தகரத்துக்கு வைக்கும் சாதாரண பட்டி காய்ந்ததும் கல்லைப் போல இறுகும். பம்பரோ அசைந்துகொண்டே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டி வெடித்து விழும். பம்பருக்கென்றே செய்த நெகிழ்வான பட்டி இருக்கிறது. ஆனால் அதைத் தேய்த்து மட்டமாக்குவதும், அதன் பின் முழுப் பம்பருக்கும் பெயின்ற் அடிப்பதும் புதியவர் ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்காது. பிம்பத்தில் மட்டுமே தெரிகின்ற ஒரு கோட்டை நான் அப்படியே விட்டுவிட்டேன். அது அங்கே இருப்பது எனக்கும், இப்போது உங்களுக்கும் மட்டுமே தெரியும். பின்பம்பரின் மூலைகளுக்குள் ரேடார் உணரி வைத்திருக்கும் புதிய கார்களில், அந்த இடத்தில் பட்டியும் தடித்த பெயின்ற்றும் சேர்ந்தால் உணரியின் வேலை கெடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வெடிப்பு இருந்தால் சுப்பர் குளூ, எபொக்சி போன்றவற்றை வைத்து ஒட்ட முயல வேண்டாம். பொலிபுரொப்பிலீனின் மேற்பரப்பில் எந்தப் பசையும் இலகுவில் பற்றாது. மேலும், பிறகு கராஜில் அதே பிளாஸ்ரிக் கம்பியை உருக்கி ஒட்ட வரும்போது, நீங்கள் பூசிய பசையைச் சுரண்டி எடுப்பதே அவர்களுக்குத் தனி வேலையாகிவிடும். ஒட்டவே முடியாத அளவுக்குக் கிழிந்த பம்பருக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த பம்பர் ஒன்றை வரவழைப்பதுதான் பலரும் செய்வது. அதுவும் அதே நிறத்தில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

மூடிப் பூட்டுதல்

உட்கவசத்தைத் திரும்பப் பொருத்தும்போது முதலில் எல்லாத் திருகாணிகளையும் பாதி மட்டும் முறுக்கி, பம்பரின் விளிம்பு பொடியோடு சமமாக உட்கார்ந்ததைப் பார்த்த பின்னரே முழுவதும் இறுக்குங்கள். பம்பர் மூலையில், பொடியின் ஓரத்தில், அதைக் கவ்விப் பிடிக்கும் சிறிய பிளாஸ்ரிக் தாங்கி ஒன்று இருக்கும். மோதலில் அதிலிருந்து பம்பர் விலகியிருந்தால் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்ட, ‘கிளிக்’ என்று உள்ளே விழும். விழாவிட்டால் தாங்கியின் பல் உடைந்திருக்கிறது. அதைத் தனியாக வாங்கி மாற்றலாம்.

அன்றே கழுவி மினுக்க வேண்டாம். அடுத்த நாள் வெயில் ஏறிய பின்னர், மதியம்போல ஒரு தடவை அந்த இடத்தைப் பாருங்கள். சரியாகக் குளிர வைக்காத மடிப்பு இருந்தால், அந்த வெயிலில்தான் அது மெல்லத் தலைகாட்டும், அப்போது இன்னொரு கேத்தில் நீர் போதும். பிறகு குண்டும் குழியுமான ஒரு ஒழுங்கையில் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு வந்து, குந்தியிருந்து, கீழ் விளிம்பின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பாருங்கள். பார்க்கிங் சென்சர் உள்ள காரானால், படலைக்கு முன்னால் றிவேர்ஸ் போட்டு, பின்னால் ஒருவரை நடக்கவிட்டு, எல்லாப் பக்கமும் சத்தம் எழுகிறதா என்று சோதிக்க வேண்டும். பின்னால் எதுவுமே இல்லாதபோதும் விடாமல் கத்தினால், சென்சர் தன் வளையத்துக்குள் சாய்ந்து நிற்கிறது, உள்ளிருந்து விரலால் நேராக்கி அமுக்கிவிடுங்கள்.